சீர்த் தட்டில் வந்த வயர்

மச்சுப் பலகையைப் பிரித்த அன்று வீட்டில் இருந்தவர்கள்:

நான்.

என் வீட்டுக்காரி.

எங்கள் ஒரே மகள்.

மகளின் மூன்று மாதக் கைக்குழந்தை.

கன்னிவாடியிலிருந்து வந்த எலக்ட்ரீஷியன்.

கடைசியாக வந்து சேர்ந்தவன் என் மச்சினன், வீட்டுக்காரியின் தம்பி. அவனும் எலக்ட்ரீஷியன்தான்.

வேறு யாரும் இல்லை. பிறகு இதைப் பற்றி ஊரில் பேசியவர்கள் யாரும் பார்த்துப் பேசவில்லை.

எங்கள் வீடு மலைமேல் நாயுடுபுரத்தில் சரிவில் இருக்கிறது. கல் சுவர், தகரக் கூரை. தகரத்துக்குக் கீழே பலகை அடித்த மச்சு. இரண்டுக்கும் நடுவே ஓர் ஆள் தவழ்ந்து போகும் அளவு இடம். அப்பா வாங்கியது. அவர் வாங்கும்போதே அது பழைய வீடு. வயரெல்லாம் மரப்பட்டைக்குள் ஓடும். ரப்பர் வயர், மேலே துணி சுற்றியிருக்கும். மழை நாளில் சுவிட்சைத் தொட்டால் விரலில் சுருக்கென்னும். துண்டை மடித்து வைத்துத்தான் விளக்குப் போடுவோம். அப்படியே பழகிவிட்டோம்.

நான் பிக்கப் வண்டி ஓட்டுகிறேன். வில்பட்டியில் கேரட்டும் பூண்டும் ஏற்றிக் கீழே மார்க்கெட்டில் இறக்குவேன். ஆறாவது வரை படித்தேன். கரண்டு பற்றி எனக்குத் தெரிந்தது ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிக் கம்பி மாற்றுவது மட்டும்.

ஒன்பது வருசத்துக்கு முன்னால் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு பழனி. அடிவாரத்தில் பூஜைச் சாமான் கடை வைத்திருக்கிறார்கள். கல்யாணமும் அங்கேதான். தாய்மாமன் சீர் என்றால் எங்கள் பக்கம் பீரோ, கட்டில், பித்தளைப் பாத்திரம் என்று வரும். மச்சினன் என்ன கொண்டுவருவான் என்று எல்லாரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேளத்தோடு வந்தான். ஒரு தட்டில் தேங்காய், பழம். ஒரு தட்டில் பட்டுப் புடவை. மூன்றாவது தட்டில் நாலு காயில் வயர், சுருள் சுருளாக. சிவப்பு இரண்டு, கருப்பு இரண்டு. பக்கத்தில் ஒரு டஜன் வெள்ளை சுவிட்ச். எல்லாவற்றுக்கும் மஞ்சள், குங்குமம் வைத்திருந்தான்.

மண்டபமே சிரித்தது.

“ஏலே, தாலிக்குப் பதிலா வயரக் கட்டச் சொல்றியா?” என்று என் சித்தப்பா கேட்டார்.

மச்சினன் மைக்கை வாங்கினான்.

“எங்க அக்கா பொழைக்கிற வீடு. என் மருமக பொறந்து வளந்த வீடு. அது பூராம் புது வயரிங் பண்ணித் தாரேன். பீரோ துருப்புடிக்கும். இது அம்பது வருசம் நிக்கும்.”

கை தட்டினார்கள். சம்பந்தி எழுந்து வந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். வீட்டுக்காரி அழுதாள். அவளுக்கு அப்பா அம்மா இல்லை. பிறந்த வீடு என்று சொல்ல அவன் ஒருத்தன்தான்.

அடுத்த வாரம் வேலையை ஆரம்பித்தான். வெள்ளிக்கிழமை சம்பந்தி வீட்டார் மறுவீட்டு விருந்துக்கு மேலே வருவதாக இருந்தது. எனக்குப் பூண்டு லோடு. இரண்டு நாள் வீட்டுப் பக்கம் வர முடியவில்லை. வந்து பார்த்தால் வேலை முடிந்திருந்தது. சுவரில் வெள்ளை சுவிட்ச் வரிசையாக இருந்தது.

“போட்டுப் பாருங்க மச்சான்.”

போட்டேன். எரிந்தது. விரலில் சுருக்கென்று இல்லை. அவன் தோளில் ஒரு புதுத் துண்டு போட்டேன். மேலே ஏறிப் பார்க்கவில்லை. சீராக வந்த புடவையை விரித்து யாரும் கிழிசல் தேட மாட்டார்கள். தேடினால் கொண்டு வந்தவனுக்கு அவமானம். மச்சில் ஏறி டார்ச் அடிப்பதும் அதுபோலத்தான். எனக்கு அந்த நினைப்பே வரவில்லை.

அதற்குப் பிறகும் ஃபியூஸ் போய்க்கொண்டேதான் இருந்தது. மச்சினனுக்குப் போன் போட்டேன்.

“கம்பி மெல்லிசா இருக்கும் மச்சான். ரெண்டு இழையா முறுக்கிப் போடுங்க.”

முறுக்கிப் போட்டேன். கொஞ்ச நாள் நின்றது. மறுபடி போனது. நானே மூன்று இழையாக்கினேன். அதன் பிறகு போகவேயில்லை. கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்காரிக்கு அந்த வருசத்தில் சில பழக்கங்கள் வந்தன. அயர்ன் பாக்ஸை அடுப்படியில் மட்டும்தான் சொருகுவாள். முன்னறையில் இரண்டு விளக்கு ஒன்றாக எரிய விட மாட்டாள். ரேசன் கடைக்குப் போனாலும் மெயினை இறக்கிவிட்டுத்தான் போவாள். தலையணைக்குக் கீழே எப்போதும் ஒரு டார்ச் இருக்கும். கேட்டால் “கரண்டு பில்லு யாரு கட்றது?” என்பாள். என்னோடு வண்டி ஓட்டுகிறவர்கள் அவளுக்கு ‘ஈபி ஆபீசர்’ என்று பேர் வைத்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். ஒன்பது வருசம் சிரித்திருக்கிறேன்.

மகளுக்கு எட்டு வருசம் குழந்தை இல்லை. போகாத ஆஸ்பத்திரி இல்லை. பிறகு ஒரு பெண் குழந்தை. திண்டுக்கல்லில் பிரசவம் பார்த்து எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தோம். ஐந்தாம் மாதம் வரை இருப்பதாகப் பேச்சு. மார்கழி பிறந்ததும் குளிர் எலும்பில் ஏறியது. மாப்பிள்ளை பழனியிலிருந்து ஒரு ரூம் ஹீட்டர் வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

வீட்டுக்காரி பெட்டியைப் பிரிக்கவே விடவில்லை.

“கணப்புச் சட்டி போதும். நீயெல்லாம் அதுலதான் வளந்த.”

“பொகையில பச்சப்புள்ளயப் போடச் சொல்றியாம்மா?”

“கதவத் தொறந்து வெய்யி. பொக போயிரும்.”

“கதவத் தொறந்தா குளிரு வராதா? ஒனக்கு என்னாம்மா ஆச்சு?”

இரண்டு நாள் இந்தப் பேச்சுத்தான். நான் தலையிடவில்லை. மூன்றாவது நாள் மத்தியானம் வீட்டுக்காரி பால் வாங்கப் போனாள். மெயினை இறக்க மறந்தாளா, நாங்கள் உள்ளே இருக்கிறோம் என்று விட்டாளா, தெரியாது. மகள் ஹீட்டரை எடுத்து முன்னறையில் சொருகினாள். அறை சூடானது. குழந்தை தொட்டிலில் நன்றாகத் தூங்கியது. தொட்டில் உத்தரத்தில் கட்டியிருந்தது. அதற்கு நேர் மேலே மச்சுப் பலகை.

அரை மணி நேரம் இருக்கும். பழைய துணி தீய்கிற வாடை வந்தது. அடுப்படியில் போய்ப் பார்த்தேன். ஒன்றுமில்லை. திரும்பி வரும்போது மகள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். தொட்டில் கட்டிய உத்தரத்துக்குப் பக்கத்துப் பலகையில் உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பு நிறம் பரவியிருந்தது. பார்க்கப் பார்க்கக் கறுத்தது.

மெயினை இறக்கினேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். வெளியே பனி இறங்கியிருந்தது. குழந்தையைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்காரி பால் கவரோடு ஏறி வந்தாள். என்னையும் குழந்தையையும் பார்த்தாள். என்ன ஆச்சு என்று கேட்கவில்லை.

“பலக பத்திக்கிருச்சா?” என்று கேட்டாள்.

நான் பலகையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. அப்போது அது எனக்கு உறைக்கவும் இல்லை.

மச்சினனுக்குப் போன் போட்டேன்.

“ஹீட்டரு கோளாறு மச்சான். மட்டமான சாமான். தூக்கிப் போடுங்க. நாயித்துக்கெழம நான் வந்து பாக்குறேன். அதுவரைக்கும் எதையும் பிரிக்காதீங்க.”

மகள் அன்றைக்கு மெயினைப் போடவே விடவில்லை. அடுப்படியில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“அப்பா, எட்டு வருசம் கழிச்சு வந்த புள்ள. இந்த வீட்டுல வயரு நல்லாருக்குன்னு நீங்க சொன்னா இருக்கேன். மாமா சொன்னாருன்னு சொல்லாதீங்க. நீங்க பாத்துச் சொல்லுங்க. இல்லன்னா நான் பழனிக்குப் போறேன்.”

அவள் கேட்டது சரி. நான் பார்த்ததில்லை.

மறுநாள் வெள்ளனே ஒரு லாட்ஜில் காய்கறி இறக்கப் போனேன். அங்கே கன்னிவாடிக்காரர் ஒருவர் வயர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வயசு இருக்கும். விவரம் சொன்னேன். பையை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டார்.

வீட்டுக்காரி வாசலில் மறித்தாள்.

“தம்பி இருக்கையில வெளியாளக் கூட்டியாந்தா நல்லாவா இருக்கு? அவன் சீரா செஞ்சத இன்னொருத்தன் நோண்டுறதா?”

“புள்ள அதுக்குக் கீழ படுக்குது” என்றேன்.

அவள் விலகிவிட்டாள். கொல்லைப் பக்கம் போய்ப் போன் பேசுவது கேட்டது.

எலக்ட்ரீஷியன் மெயின் இறங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு முன்னறை சுவிட்ச் பெட்டியைக் கழற்றினார்.

“பாத்தா சுத்தமாத்தான் செஞ்சிருக்கு. நல்ல கம்பெனி வயரு. யாருண்ணே போட்டது?”

“என் மச்சினன்.”

“அப்ப கொற சொல்ல மாட்டேன். மச்சினன் சமாச்சாரத்துல வாயக் குடுத்துப் பெறகு நான் ஊரு போய்ச் சேரணும்ல.”

சிரித்துக்கொண்டே சிவப்பு வயரைப் பிடித்து லேசாக இழுத்தார். வந்தது. ஒரு முழம் வந்தது. பிறகு கறுப்பு டேப் சுற்றிய ஒரு முடிச்சு. அதற்குப் பின்னால் துணி சுற்றிய வயர். அப்பா காலத்து வயர்.

அவர் சிரிப்பு நின்றது.

“இது என்னாண்ணே?”

அடுத்த பெட்டியைக் கழற்றினார். அதுவும் ஒரு முழம். விளக்குத் தொங்கும் இடத்தில் இழுத்தார். அங்கேயும் ஒரு முழம். கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் எல்லாம் ஒரு முழம் புது வயர். உள்ளே பழையது.

“மேல ஏறணும்” என்றார்.

கறுத்த பலகைக்குப் பக்கத்துப் பலகையை நெம்பிப் பிரித்தோம். அவர் முதலில் ஏறினார். பின்னால் நான் ஏறினேன். டார்ச் வெளிச்சத்தில் தூசியும் எலிப் புழுக்கையும் தெரிந்தது. மரப்பட்டை பிளந்து கிடந்தது. துணி உதிர்ந்து போய்ச் செம்புக் கம்பி அங்கங்கே வெறுமனே ஓடியது. தொட்டிலுக்கு நேர் மேலே ஒரு முடிச்சு. அதைச் சுற்றிப் பலகை கரியாகியிருந்தது. பக்கத்தில் இன்னொரு முடிச்சு. அதில் டேப் இல்லை. பால் கவரைக் கிழித்துச் சுற்றி நூல் கட்டியிருந்தது. எங்கள் வீட்டுக்கு வரும் பால் கவர்தான்.

“ஃபியூஸு போவலியாண்ணே? இந்த வயருக்கு ஹீட்டரப் போட்டா ஃபியூஸு போயிருக்கணுமே.”

கீழே இறங்கி அவரே ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கினார். மூன்று இழையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“நான்தான் போட்டேன்” என்றேன்.

அவர் கட்டையை என் கையில் வைத்தார். அதுவே போதும்.

அந்த நேரம் பைக் சத்தம் கேட்டது. மச்சினன் உள்ளே வந்தான். தரையில் கிடந்த பலகையையும் தொங்கும் வயரையும் பார்த்தான்.

“என்னா மச்சான், சீர்ல குத்தம் பாக்குறீங்களா?”

எலக்ட்ரீஷியன் முந்திக்கொண்டார்.

“குத்தம் பாக்கலண்ணே. வயரப் பாத்தோம். மொழம் போட்டுப் பூ விக்கிறாப்ல வெட்டி வெட்டி வெச்சிருக்கீங்களே?”

“நீ யாருய்யா? ஒன் சோலியப் பாரு.”

“என் சோலியே இதான.”

“மாப்ளே” என்றேன். “தட்டுல நாலு காயில் இருந்துச்சு. எங்க?”

அவன் தலையைத் தொங்கப் போட்டான். பிறகு நிமிர்ந்தான்.

“சீசன் நேரம் மச்சான். ஒரு லாட்ஜுக்காரன் அவசரம்னு நின்னான். அதத் தூக்கி அங்க போட்டுட்டேன். வேற வாங்கிப் போட்ரலாம்னுதான் இருந்தேன். வெள்ளிக்கெழம சம்பந்தக்காரவங்க வாராங்கன்னு அக்கா வெரசா முடிக்கச் சொன்னுச்சு. தள்ளிப் போயிருச்சு.”

“ஒம்பது வருசமா?”

“இப்ப என்னமோ புதுசா கேக்குறீங்க. அக்காவுக்குத்தான் அன்னைக்கே தெரியுமே. ஒங்ககிட்டச் சொல்லிருக்கும்னுல்ல நெனச்சேன்.”

வீட்டுக்காரி அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மகள் அவளைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

“தெரியுமா?” என்றேன்.

“தெரியும்.”

அயர்ன் பாக்ஸ், மெயின், டார்ச், கணப்புச் சட்டி. எல்லாம் ஒவ்வொன்றாக வந்து நின்றது.

“நான் அதுக்குக் கீழதான படுத்தேன்?”

“நானுந்தான படுத்தேன்” என்றாள்.

படுத்தாள். அது உண்மை. ஒன்பது வருசமும் என் பக்கத்தில்தான் படுத்தாள். அவள் தெரிந்து படுத்தாள். நான் தெரியாமல் படுத்தேன்.

மகள் ஒன்றுதான் கேட்டாள்.

“எம்மா, மாமா மானம் போயிரும்னா?”

மச்சினன் குழந்தையின் கன்னத்தைத் தொடக் கையை நீட்டினான். மகள் குழந்தையை மறுதோளுக்கு மாற்றினாள். அவன் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நான் அவனைத் திட்டவில்லை. அடிக்கவில்லை. போகும்போது வா என்றும் சொல்லவில்லை.

அன்றைக்கே மகளையும் குழந்தையையும் வண்டியில் ஏற்றிப் பழனிக்குக் கொண்டுபோய் விட்டேன். மலை இறங்க இறங்கக் குளிர் குறைந்தது. குழந்தைக்குச் சுற்றியிருந்த கம்பளியை அவிழ்த்தாள்.

“அந்தத் தட்டு கல்யாண ஆல்பத்துல இருக்குப்பா. வயரும் குங்குமமுமா. அவங்க வீட்டுல வர்றவங்ககிட்ட எல்லாம் காட்டுவாங்க” என்றாள்.

சம்பந்தி, ஐந்தாம் மாதத்துக்கு முன்னால் ஏன் வந்தீர்கள் என்று கேட்டார். குளிர் தாங்கவில்லை என்றேன். நானும் மறைத்தேன்.

எலக்ட்ரீஷியன் மூன்று நாள் வேலை பார்த்தார். மெயினிலிருந்து கடைசி விளக்கு வரைக்கும் புது வயர் ஓட்டினார். பலகைக்குள் குழாய் போட்டு அதற்குள் விட்டார். ஃபியூஸ் கட்டையைக் கழற்றிவிட்டு, லோடு கூடினால் தானே விழுந்துவிடும் டிரிப்பர் வைத்தார்.

“இதுல இழை முறுக்க முடியாதுண்ணே” என்றார்.

இந்த மூன்று நாளும் நான் அவர் கூடவே மச்சில் கிடந்தேன். ஒவ்வொரு வயரையும் கையால் தொட்டுப் பார்த்தேன். லோடுக்குப் போகவில்லை. வீட்டுக்காரியும் நானும் பேசிக்கொள்ளவில்லை. சோறு வைத்தாள். சாப்பிட்டேன்.

பழைய வயரை உருவும்போது முடிச்சு இருந்த இடத்தை மட்டும் வெட்டி ஒரு பக்கெட்டில் போடச் சொன்னேன். எதற்கு என்று எலக்ட்ரீஷியன் கேட்டார். சும்மா என்றேன். எனக்கே தெரியவில்லை.

அவர் ஊருக்குப் போன மறுநாள் காலையில் முன்னறையில் உட்கார்ந்திருந்தேன். வெயில் அடித்தது. வீட்டுக்காரி பெருக்க வந்தாள். பக்கெட்டைப் பார்த்ததும் நின்றாள். நகர்த்தலாம் என்று தூக்கினாள். அது கனத்தது.

“இதெல்லாம் என்னா?”

“ஒன் தம்பி போட்ட முடிச்சு.”

“இம்புட்டா?”

பக்கெட்டைக் கீழே வைத்தாள்.

“ரெண்டு எடத்துலதான் பழச விட்ருக்கேன்னு சொன்னான்” என்றாள். “ரெண்டே ரெண்டு எடம். அடுத்த மாசம் வந்து மாத்திர்றேன், மச்சான்கிட்டச் சொல்லாதக்கான்னான். சம்பந்தக்காரவங்க கைதட்டிட்டுப் போன சீரு. ரெண்டு எடத்துக்காக அத ஒடைக்க வேணாம்னு இருந்தேன். இப்பத் தொட்டில் கட்டுன எடத்துக்கு மேல ஒன்னு, முன்னறை வாசல் மேல ஒன்னுன்னு காட்டுனான். அந்த ரெண்டுந்தான் எனக்குத் தெரியும். மத்த எடமெல்லாம் புதுசுன்னுதான் இருந்தேன்.”

அவள் விளக்கமாற்றை ஓரமாகச் சாத்தினாள். தரையில் உட்கார்ந்து பக்கெட்டைக் கவிழ்த்தாள். ஒவ்வொன்றாக எடுத்து இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வைத்தாள். வாய்விட்டு எண்ணினாள். பால் கவர் சுற்றியதைக் கையில் எடுத்தபோது கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்தாள். பிறகு அதையும் வைத்தாள். எண்ணி முடித்ததும் நம்பிக்கை இல்லாமல் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். இந்தத் தடவை நானும் எதிரே உட்கார்ந்து கூடவே எண்ணினேன்.

முப்பத்தெட்டு.